மெகாபிட் 42 ரூபாய்: மலிவான டிரான்சிட்டை நம்பி மாறலாமா?

வாசகர் கடிதத்தின் சுருக்கம்: இவர் ஒரு சிறு நகரத்தில் இருபது ஆண்டுகளாகக் கேபிள் டிவி நடத்திவருபவர். சில ஆண்டுகளுக்கு முன் ‘சி’ பிரிவு இணையச் சேவை உரிமம் பெற்று, இப்போது 4,600 வீடுகளுக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்கிறார். இரவு உச்ச நேரத்தில் அவருடைய வலையமைப்பில் 8 ஜிகாபிட் ஓடுகிறது. அதில் 5 ஜிகாபிட் இப்போதைய அப்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் (இவருக்கு மொத்தமாக இணையத்தை விற்பவர்) கேச் (அதிகம் பார்க்கப்படுவதன் நகலை அருகிலேயே சேமித்து வைக்கும் சர்வர்) வழியாகவும், 3 ஜிகாபிட் டிரான்சிட்டாகவும் (இணையத்தின் மற்ற எல்லா இடங்களுக்கும் போய்வரும் பாதை) வருகின்றன. டிரான்சிட்டுக்கு மெகாபிட்டுக்கு மாதம் 70 ரூபாயும் கேச்சுக்கு 20 ரூபாயும் கொடுக்கிறார். இரண்டும் அவருடைய ஊரிலேயே வந்து சேர்ந்துவிடுகின்றன. இப்போது வேறொரு நிறுவனம், சென்னை டேட்டா சென்டரில் ஒப்படைப்பதாகச் சொல்லி, மெகாபிட்டை 42 ரூபாய்க்குத் தர முன்வந்திருக்கிறது. குறைந்தபட்சம் 5 ஜிகாபிட் எடுக்க வேண்டும், மூன்றாண்டு ஒப்பந்தம் போட்டால் விலை இன்னும் குறையும் என்கிறார்கள். பங்குதாரரான மைத்துனர் உடனே மாறிவிடலாம் என்கிறார். தொழில்நுட்பப் பணியாளரோ, டிரேஸ்ரூட்டில் (தரவு கடந்துபோகும் இடங்களை வரிசையாகக் காட்டும் சோதனை) நடுவே ஓரிடத்தில் 40 சதவீதம் பாக்கெட் (தரவுத் துண்டு) இழப்புத் தெரிகிறது, அந்த நிறுவனம் வேண்டவே வேண்டாம் என்கிறார். இணையத்தில் ஒரு வலையமைப்பைத் தனியாக அடையாளம் காட்டும் சொந்த ஏஎஸ் எண் இவருக்கு இல்லை. பயன்படுத்தும் 256 ஐபி முகவரிகளும் பழைய நிறுவனம் கொடுத்தவை. “மலிவாகத் தருபவரை நம்பலாமா, பழையவரை முழுவதுமாக நிறுத்திவிடலாமா?” என்பதே அவருடைய கேள்வி.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தோடு இரண்டு விலைப்பட்டியல்களையும் இணைத்து அனுப்பியது நல்லதாயிற்று. பொதுவாக இப்படிக் கேட்பவர்கள் விலையை மட்டும் எழுதிவிட்டு நிபந்தனைகளை எழுத மறந்துவிடுவார்கள். இந்தத் தொழிலில் விலை பெரும்பாலும் நிபந்தனைகளுக்குள்தான் ஒளிந்திருக்கும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நிறுவனத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு மாறிவிடாதீர்கள். சேர்த்துக்கொள்வதற்கு முன்பும் நீங்கள் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

மைத்துனர் போட்டிருக்கும் கணக்கிலிருந்து தொடங்குவோம். 3 ஜிகாபிட்டுக்கு இப்போது 2,10,000 ரூபாய் கொடுக்கிறீர்கள், புதியவரிடம் 1,26,000 ரூபாய்தான் ஆகும், எனவே மாதம் 84,000 ரூபாய் மிச்சம் என்று அவர் எழுதியிருக்கிறார். பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் விலைப்பட்டியலில் ஒரே வரியாகப் போய்விட்ட ‘குறைந்தபட்சம் 5 ஜிகாபிட்’ என்ற நிபந்தனை அந்தக் கணக்கில் சேரவில்லை. 5,000 மெகாபிட்டை 42 ரூபாயால் பெருக்கினால் வருவது அதே 2,10,000 ரூபாய்தான். கேச்சுக்காக நீங்கள் கொடுக்கும் 1,00,000 ரூபாயின் கதை இதைவிடச் சிக்கலானது. அந்த கேச் பழைய நிறுவனத்தின் இடத்தில் இருக்கிறது. பழையவரை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். புதியவரின் பட்டியலில் கேச் என்ற சொல்லே இல்லை. ஆகவே யூடியூபும் இன்ஸ்டாகிராமும் உட்பட உங்களுடைய 8 ஜிகாபிட்டும் டிரான்சிட்டாகவே வந்து சேரும். அதற்கு 3,36,000 ரூபாய் ஆகும். இன்று நீங்கள் கொடுக்கும் மொத்தத் தொகை 3,10,000 ரூபாய். இதற்கு மேல், சென்னையிலிருந்து உங்கள் ஊர்வரை கொண்டுவரும் லிங்கின் வாடகை, டேட்டா சென்டரில் கருவி வைக்கும் ராக் இடம், அங்கே இரு நிறுவனங்களை இணைக்கும் கம்பிக்கான கிராஸ் கனெக்ட் கட்டணம் ஆகியவற்றையும் நீங்களே கட்ட வேண்டும். வீட்டுவாசலில் கொடுக்கும் விலையையும் மொத்தச் சந்தை விலையையும் ஒரே தராசில் வைத்ததுதான் மைத்துனர் செய்த தவறு. அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தத் துறையில் பலரும் செய்கிற தவறு இது.

மலிவு என்றால் மட்டமா?

உங்கள் கேள்வியில் ‘நம்பலாமா’ என்ற சொல் மூன்று இடங்களில் வருகிறது. மலிவாகக் கொடுப்பவர் ஏதோ ஒன்றை மறைக்கிறார் என்ற ஐயம் அதற்குள் இருக்கிறது. அது எப்போதும் சரியாக இருப்பதில்லை. உலகச் சந்தையில் கோஜென்ட், ஹரிக்கேன் எலக்ட்ரிக் ஆகிய இரண்டு நிறுவனங்களும் பல ஆண்டுகளாகவே குறைந்த விலைக்குப் பெயர் பெற்றவை. இரண்டும் சொந்தமாகப் பெரிய வலையமைப்பு நடத்துகின்றன, ஏராளமான வலையமைப்புகளோடு இணைந்திருக்கின்றன. டேட்டா சென்டரில் மட்டும் ஒப்படைப்பது, ஒரே வகைப் பொருளை மட்டும் விற்பது, பெரிய போர்ட்களை (இணைப்பு முனைகளை) நிரப்பி விற்பது, விற்பனைக்குப் பிந்திய சேவைக்குக் குறைவான ஆட்களை வைப்பது என்று விலையைக் குறைக்க நேர்மையான வழிகள் நிறைய இருக்கின்றன.

ஆனால் மலிவான டிரான்சிட்டில் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு ஆபத்து இருக்கிறது. டிரான்சிட் விற்பவர் உங்களுக்கு விற்பது கம்பியை மட்டுமல்லாமல் மற்ற நிறுவனங்களோடு தனக்குள்ள உறவுகளையும் சேர்த்துத்தான். அந்த உறவு முறிந்தால் உங்கள் சந்தாதாரர் போய்ச் சேர முடியாத இடங்கள் இணையத்தில் உண்டாகிவிடும். 2005 அக்டோபரில் லெவல் 3 என்ற பெரிய வலையமைப்பு நிறுவனம் கோஜென்டுடனான பியரிங்கை (இரு வலையமைப்புகள் நேரடியாக இணைந்து தரவைப் பரிமாறிக்கொள்வது) துண்டித்தது. இரண்டு நிறுவனங்களின் கம்பிகளும் கருவிகளும் நன்றாகவே இருந்தன; ஆனாலும் கோஜென்டை மட்டும் நம்பியிருந்தவர்களால் லெவல் 3-ஐ மட்டும் நம்பியிருந்தவர்களோடு சில நாட்கள் பேச முடியவில்லை. ஐபி முகவரிகளின் புதிய வடிவமான ஐபிவி6 விஷயத்தில் ஹரிக்கேன் எலக்ட்ரிக்கும் கோஜென்டும் நேரடியாக இணையாமலேயே ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். 2009 அக்டோபரில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த வலையமைப்புப் பொறியாளர் கூட்டத்துக்கு ஹரிக்கேன்காரர்கள் ‘எங்களோடு பியரிங் செய்யுங்கள்’ என்று எழுதிய கேக்கையே கொண்டுவந்தார்கள். கேக்கை எல்லோரும் சாப்பிட்டார்கள். பியரிங் மட்டும் நடக்கவில்லை. 2016 தொடக்கத்தில் கோஜென்ட் வழியாக கூகுளின் ஐபிவி6 முகவரிகளுக்குப் போகும் பாதையும் இல்லாமற் போனது. இந்த நிகழ்வுகளில் இரண்டு அப்ஸ்ட்ரீம் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் எதையும் உணரவேயில்லை. ஒருவரை மட்டும் நம்பியிருந்தவர்களே அகப்பட்டுக்கொண்டார்கள். பழையவரை நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்வதற்கு விலையைவிடப் பெரிய காரணம் இதுதான்.

விலை கூடினால் ஒழுங்கும் கூடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2019 ஜூன் 24 அன்று, அமெரிக்காவில் ஒரு சிறு இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளரான உலோகத் தொழிற்சாலை தவறாக அறிவித்த ரூட்களை (எந்த முகவரிக்கு எந்த வழியாகப் போகலாம் என்ற அறிவிப்புகள்) பெரிய தொலைத்தொடர்பு நிறுவனமான வெரிசோன் வடிகட்டாமல் ஏற்று உலகுக்குப் பரப்பியது. கிளவுட்ஃபிளேர் உள்ளிட்ட பல சேவைகளுக்குப் போகவேண்டிய பாக்கெட்டுகள் அந்தத் தொழிற்சாலையின் பக்கம் திரும்பிவிட்டன. வெரிசோனை மலிவு நிறுவனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே புதியவரிடமும் பழையவரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். வாடிக்கையாளர் அறிவிக்கும் ரூட்களை வடிகட்டுகிறீர்களா? முகவரியை அறிவிப்பவருக்கு அந்த உரிமை உண்டா என்று பார்க்கும் ஆர்பிகேஐ சரிபார்ப்பில் தவறென்று தெரியும் ரூட்களைக் கைவிடுகிறீர்களா? என் சந்தாதாரர் ஒருவர் மீது டிடாஸ் தாக்குதல் (பல இடங்களிலிருந்து தரவைக் கொட்டி இணைப்பை அடைப்பது) வந்தால், அந்த ஒரு முகவரியை மட்டும் உங்கள் எல்லையிலேயே கைவிடும்படி பிளாக்ஹோல் கம்யூனிட்டி என்ற குறியீட்டின் வழியாக நானே சொல்ல முடியுமா? விற்பனையாளர் உடனே பதில் சொல்ல முடியாமல் போகலாம், அது குற்றமாகாது. ஆனால் இரண்டு நாளில் அவருடைய பொறியாளரிடமிருந்து எழுத்தில் பதில் வரவில்லை என்றால், நள்ளிரவில் நீங்கள் அழைக்கும்போது என்ன நடக்கும் என்பதை அதிலிருந்தே ஊகித்துக்கொள்ளுங்கள்.

டிரேஸ்ரூட்டில் தெரிந்த 40 சதவீதம்

உங்கள் பணியாளர் அக்கறையுள்ளவர் என்பது அவர் அனுப்பிய படங்களிலிருந்து தெரிகிறது. ஆனால் அந்தப் படத்தை அவர் படித்த விதம் சரியல்ல. ஆறாவது இடத்தில் 40 சதவீதம் இழப்புக் காட்டுகிறது. ஏழாவது இடத்திலிருந்து கடைசிவரை இழப்பே இல்லை. நடுவில் உண்மையாகவே நூற்றுக்கு நாற்பது பாக்கெட் தொலைந்திருந்தால், அதற்கு அப்பால் உள்ள எல்லா இடங்களிலும் அந்த இழப்புத் தெரிந்தாக வேண்டும். பெரிய ரூட்டர்கள் பாக்கெட்டுகளைக் கடத்திவிடுவதைத்தான் முதல் வேலையாக வைத்திருக்கின்றன. தம்மையே நோக்கி வரும் சோதனைப் பாக்கெட்டுகளுக்கு ஓய்வு கிடைக்கும்போதுதான் பதில் சொல்லும். ஆறாவது இடத்து ரூட்டர் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. அந்தப் படத்தை வைத்து அந்த நிறுவனத்தைத் தள்ளிவிடக் கூடாது.

அதேபோல, விற்பனையாளர் காலை 11 மணிக்கு ஓட்டிக் காட்டிய 940 மெகாபிட் ஸ்பீட்டெஸ்டை வைத்து அவர்களை ஏற்றுக்கொள்ளவும் கூடாது. சோதனைக்கு எடுத்துக்கொண்ட சர்வர் அதே டேட்டா சென்டரில் இருக்கிறது. பக்கத்து அறைக்கு வேகமாகப் போய்வந்ததைத்தான் அவர் காட்டினார்.

உங்களைப் போன்ற வீட்டு இணைப்பு நிறுவனங்களுக்கு முக்கியமான ஒரு உண்மை இந்த இரண்டு சோதனைகளிலும் விடுபட்டுப்போகிறது. உங்கள் சந்தாதாரர்கள் அனுப்புவது குறைவு, பெறுவது மிக அதிகம். உங்கள் ஊரிலிருந்து ஓட்டும் டிரேஸ்ரூட் போகும் பாதையை மட்டுமே காட்டும். வரும் பாதையைத் தேர்ந்தெடுப்பது எதிர்முனையில் இருப்பவர். அது போன வழியாகவே திரும்பி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே எதிர்முனையிலிருந்து உங்களை நோக்கிச் சோதித்துப் பார்க்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் தங்கள் ரூட்டர்களிலிருந்து சோதித்துப் பார்க்கப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கும் லுக்கிங் கிளாஸ் பக்கங்களிலிருந்தும், உலகெங்கும் வைக்கப்பட்டிருக்கும் ரைப் அட்லஸ் சோதனைக் கருவிகளிலிருந்தும் சிங்கப்பூர், மும்பை, பிராங்க்பர்ட் ஆகிய ஊர்களிலிருந்து புதியவர் தரும் முகவரிக்கு டிரேஸ்ரூட் ஓட்டிப் பாருங்கள்.

கிடைக்கும் எண்ணைப் படிக்க ஒரு சிறு கணக்கு போதும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிசெகண்ட். ரூட்டர்களுக்கும் தரைவழிக்கும் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் 35, 40 என்று வர வேண்டும். 60-ஐத் தாண்டினால் உங்கள் பாக்கெட் மும்பையைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று ஐயப்படலாம். 200-ஐத் தாண்டினால் ஐரோப்பாவரை போய்த் திரும்புகிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மெகாபிட் மலிவாகக் கிடைக்க இதுவும் ஒரு வழி: கிழக்கே போக வேண்டியதை, கைவசம் இடம் மீந்திருக்கும் மேற்குக் கேபிளில் ஏற்றிவிடுவார்கள். வீடியோ பார்ப்பவருக்கு இது தெரியாது. சிங்கப்பூர் சர்வரில் கேம் விளையாடும் பிள்ளைகள் அன்று மாலையே உங்கள் அலுவலக வாசலில் வந்து நிற்பார்கள்.

15 நாள் இலவசச் சோதனை இணைப்புக் கேளுங்கள், மறுப்பவர்கள் குறைவு. அவர்கள் கொடுக்கும் சில முகவரிகளில் உங்கள் பணியாளர்களின் வீடுகளையும், உங்களிடம் அடிக்கடி சண்டைக்கு வரும் பத்து கேம் பிள்ளைகளின் வீடுகளையும் அவர்களிடம் சொல்லிவிட்டே மாற்றுங்கள். மாலை 7 மணி முதல் நள்ளிரவு வரை மட்டும் அளந்தால் போதும். காலையில் எல்லா அப்ஸ்ட்ரீமும் நல்ல அப்ஸ்ட்ரீம்தான். நேரத்தையும் பாக்கெட் இழப்பையும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வைத்தால், இரவு 9 மணிக்கு மேல் எண்கள் மேலேறுகின்றனவா என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வர வேண்டும். ஐபிஎல் காலமாக இருந்தால் இன்னும் நல்லது.

95-வது சதமானம் யாருக்கு லாபம்?

‘95-வது சதமானம்’ என்ற முறையில் உச்ச நேரத்துப் பயன்பாட்டில் 5 சதவீதத்தைத் தள்ளிவிட்டுக் கணக்கிடுவதால் உங்களுக்கு லாபம் என்று விற்பனையாளர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு வீதம் 30 நாள் மாதத்தில் 8,640 அளவுகள் எடுப்பார்கள். அவற்றில் மிக உயர்ந்த 432 அளவுகளைத் தள்ளிவிட்டு, அதற்கு அடுத்ததற்குப் பில் போடுவார்கள். 432 அளவு என்பது 36 மணி நேரம்; நாளொன்றுக்குப் பிரித்தால் 72 நிமிடம். உங்கள் கிராஃபைப் பார்த்தேன். தினமும் இரவு 8 மணி முதல் 11 மணி வரை கோடு ஒரே உயரத்தில் நிற்கிறது. 72 நிமிடத்தைத் தள்ளினாலும் அதே உயரம்தான் மிஞ்சும். என்றோ ஒருநாள் திடீரென்று பயன்பாடு ஏறி இறங்குபவர்களுக்கு உதவுகிற முறை இது. தினமும் மூன்று மணி நேரம் ஊரே வீட்டிலிருந்து பார்க்கும் வலையமைப்புக்கு அன்றாட பில்லில் ஒன்றும் குறையாது.

ஆனால் இரண்டு அப்ஸ்ட்ரீம் வைத்திருப்பவருக்கு இதே 36 மணி நேரம் வேறு விதத்தில் பயன்படும். பழையவரின் ஃபைபர் அறுந்து, ஒரு நாள் முழுவதும் உங்களுடைய 8 ஜிகாபிட்டும் புதியவர் வழியாக வந்தாலும், அந்த ஒரு நாள் தள்ளுபடிக்குள் அடங்கிவிடும். இது உண்மையாக வேண்டுமானால் ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: நீங்கள் உறுதி கொடுக்கும் அளவு 2 ஜிகாபிட் (இந்த எண்ணின் கணக்கு கடைசியில் வருகிறது), போர்ட் 10 ஜிகாபிட், இடைப்பட்ட அளவை அவர்கள் அடைத்து வைக்கக் கூடாது. ‘2 ஜிகாபிட் லிங்க்’ என்று மட்டும் எழுதியிருந்தால் 2-க்கு மேல் ஒரு பாக்கெட்டும் வராது. விபத்து நடந்த அன்று அது உங்களுக்கு உதவாது.

‘99.9 சதவீத உத்தரவாதம்’ பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அது மாதத்துக்கு 43 நிமிடத் தடையை அனுமதிக்கும் எண். அதைத் தாண்டினாலும் உங்களுக்குக் கிடைப்பது, தடைப்பட்ட நேரத்துக்கான பில் தொகையின் ஒரு பங்கு மட்டுமே. உங்களை விட்டுப்போன சந்தாதாரருக்கு எவரும் இழப்பீடு தர மாட்டார்கள். அந்தச் சதவீதத்தைப் பேரம் பேசி உயர்த்துவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். அதற்குப் பதிலாக, ஒரு காலாண்டில் மூன்று முறை நீண்ட தடை ஏற்பட்டால் அபராதம் இல்லாமல் விலகலாம் என்ற ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாண்டு ஒப்பந்தம் வேண்டாம். டிரான்சிட் விலை நீண்ட காலமாகவே இறங்குமுகமாக இருக்கும் பண்டம். இன்று மலிவாகத் தெரியும் 42 ரூபாய், மூன்றாம் ஆண்டில் சந்தையிலேயே விலை உயர்ந்ததாக நிற்கலாம். ஓராண்டு போடுங்கள். அவர்கள் பிடிவாதம் பிடித்தால் இரண்டாண்டுக்குச் சம்மதித்து, பன்னிரண்டாம் மாதத்தில் சந்தை நிலவரப்படி விலையைத் திருத்த வேண்டும் என்ற பிரிவைச் சேருங்கள்.

இரண்டு பெயர், ஒரே பாலம்

இரண்டு நிறுவனம் வைத்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நகர நிறுவனத்துக்கு நான் அமைத்துக் கொடுத்த இரண்டு லிங்க்குகளும் ஒரே பிற்பகலில் நின்றுபோயின. இரண்டு வேறு நிறுவனங்கள், இரண்டு வேறு பில்கள். ஆனால் ஊருக்கு வெளியே ஒரு ஆற்றுப் பாலத்தில் இரண்டின் ஃபைபரும் ஒரே குழாயில் போயின. பாலத்தை அகலப்படுத்த வந்த ஜேசிபி ஒரே இழுப்பில் இரண்டையும் இழுத்துவிட்டது. அன்று முதல் கூகுள் எர்த்தில் திறந்து பார்க்கக்கூடிய கேஎம்எல் வரைபடக் கோப்பில் பாதையை வரைந்து தராத எவரிடமும் நான் லிங்க் வாங்கச் சொல்வதில்லை. சென்னையிலிருந்து உங்கள் ஊருக்கு வரும் புதிய லிங்க், பழையவரின் லிங்க் வரும் அதே நெடுஞ்சாலையில் வருகிறதா என்று பாருங்கள். வேறு பாதைக்கு வாடகை கொஞ்சம் கூடுதலாக இருந்தால், டிரான்சிட்டில் மிச்சமாகும் பணத்தை அங்கே செலவிடுங்கள்.

கடலுக்கும் இதே கேள்வி பொருந்தும். 2024 பிப்ரவரியில் செங்கடலில் சில கேபிள்கள் அறுந்தபோது, ஐரோப்பாவுக்குப் போகும் பாதைகள் பல நெருக்கடிக்கு உள்ளாயின. கிழக்கே சிங்கப்பூர் வழியாகவும் மேற்கே மும்பை வழியாகவும் தங்களுக்குக் கொள்ளளவு உண்டா, எந்தெந்தக் கேபிள்களில் என்று இருவரிடமும் கேளுங்கள். கூடவே, வலையமைப்புகள் ரூட்களைப் பரிமாறிக்கொள்ளும் பிஜிபி முறையின் தகவல்களை வெளியிடும் பொது இணையதளங்களில் புதியவரின் ஏஎஸ் எண்ணைத் தேடி, அவருக்கு மேலே யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அவருக்கு ஒரே அப்ஸ்ட்ரீம் இருந்து, அது உங்கள் பழைய நிறுவனமாகவே இருந்தால், ஒரே கடையில் இரண்டு வாசல் வழியாக வாங்குகிறீர்கள் என்று பொருள். அவருடைய உரிமத்தின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் இல்லாத இடைத்தரகரிடம் பேண்ட்வித் வாங்கினால், ஒருநாள் கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் உரிமம் வைத்திருக்கும் நீங்கள்தான்.

முதலில் முடிக்க வேண்டியது

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையான கவலையைத் தந்தது நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன விஷயம்: 256 முகவரிகளும் பழைய நிறுவனத்துடையவை. இன்று நீங்கள் பழையவரை விட்டு விலகினால், அந்த முகவரிகளை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். கடைகளுக்குத் தனியாகக் கொடுத்த அறுபது முகவரிகள் போக, சராசரியாக இருபத்துமூன்று வீடுகள் ஒரு முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் உங்கள் சிஜிநாட் ஏற்பாட்டை ஒரே இரவில் வேறு முகவரிகளுக்கு மாற்ற வேண்டும். ஸ்டேடிக் ஐபி (மாறாத முகவரி) வாங்கியிருக்கும் அறுபது கடைகளின் சிசிடிவியும் பில்லிங் மென்பொருளும் மறுநாள் காலை வேலை செய்யாது. எந்த முகவரி எந்த நேரத்தில் யாரிடம் இருந்தது என்ற பதிவை இரண்டாண்டு காக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை; முகவரி மாறினாலும் பழைய பதிவுகளை அழித்துவிடாதீர்கள். இந்தப் பிடி பழையவர் கையில் இருக்கும்வரை, அவரிடம் நீங்கள் பேரம் பேசுவதில் பலம் இருக்காது. அவருக்கும் இது தெரியும்.

ஆகவே இந்தியாவின் தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனமான நிக்ஸி நடத்தும், முகவரிகளை வழங்கும் பதிவகமான ஐஆர்ஐஎன்என்-இல் சொந்த ஏஎஸ் எண்ணுக்கும் முகவரிகளுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். நம் ஆசிய-பசிபிக் வட்டாரத்தில் 2019 முதல் புதியவர்களுக்கு அதிகபட்சம் /23, அதாவது 512 ஐபிவி4 (பழைய வகை) முகவரிகள்தான் தருகிறார்கள். உங்களுக்கு அது இப்போதைய அளவைப்போல் இரண்டு மடங்கு. இணையத்தில் பொதுவாக ஏற்கப்படும் மிகச் சிறிய ஐபிவி4 தொகுதி /24, அதாவது 256 முகவரிகள் என்பதால், அந்த 512-ஐ இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஒருவர் வழியாகவும் மற்றதை இன்னொருவர் வழியாகவும் முதன்மையாக வரச் செய்யலாம். ஒருவர் நின்றால் இரண்டும் மற்றவர் வழியாக வரும். ஐபிவி6 தொகுதியையும் கூடவே கேளுங்கள். ஐபிவி6 வழியாகப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் உங்கள் சிஜிநாட் கருவியின் சுமையைக் குறைக்கும். கிடைத்தவுடன் ஆர்பிகேஐ-யில் உங்கள் பெயரில் ரோவா (இந்த முகவரிகளை இந்த ஏஎஸ் எண் அறிவிக்கலாம் என்ற சான்று) பதிந்துவிடுங்கள்.

இரண்டு அப்ஸ்ட்ரீமிடமும் முழு ரூட் பட்டியலை வாங்கத்தான் வேண்டும் என்று உங்கள் பணியாளர் சொன்னால் அவசரப்படாதீர்கள். ஐபிவி4-இல் மட்டும் அது பத்து லட்சத்தை ஒட்டிய வரிசை. 2014 ஆகஸ்ட் 12 அன்று, பட்டியல் 5,12,000-ஐத் தாண்டியபோது பழைய ரூட்டர்கள் பல இடங்களில் திணறிய கதை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். மற்ற எல்லாவற்றுக்குமான பொது வழியான டீஃபால்ட் ரூட்டும், ஒவ்வொருவரின் சொந்த வாடிக்கையாளர் ரூட்களும் இருந்தால் உங்கள் அளவுக்குப் போதும். புதிய ரூட்டருக்கான செலவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போடலாம்.

அடுத்த படி சென்னையிலுள்ள இணையப் பரிமாற்ற நிலையம், அதாவது பல வலையமைப்புகள் ஒன்றோடொன்று நேரடியாக இணையும் இடம். நிக்ஸி, எக்ஸ்ட்ரீம் ஐஎக்ஸ், டிஇ-சிக்ஸ் ஆகியவை சென்னையில் இருக்கின்றன. எப்படியும் புதியவருக்காக டேட்டா சென்டர்வரை லிங்க் எடுக்கப்போகிறீர்கள். அங்கே போன பிறகு பரிமாற்ற நிலையத்தில் ஒரு போர்ட் எடுப்பது கூடுதலாக ஒரு கிராஸ் கனெக்டும் போர்ட் கட்டணமும்தான். பியரிங்டிபி என்ற பொதுத் தரவுத்தளத்தில் பார்த்தால் எந்த உள்ளடக்க நிறுவனம் எந்த நிலையத்தில் இருக்கிறது என்று தெரியும். இப்போது மெகாபிட்டுக்கு 20 ரூபாய் கொடுத்து கேச்சில் வாங்குவதில் ஒரு பகுதி அங்கே நேரடியாகவே கிடைக்கும். உங்கள் மைத்துனர் தேடும் மிச்சம் டிரான்சிட்டைவிட இங்கேதான் அதிகம் இருக்கிறது.

முதல் ஆண்டில் மிச்சம் இருக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழையவரிடம் 2 ஜிகாபிட் டிரான்சிட்டும் இப்போதுள்ள கேச்சும், புதியவரிடம் 2 ஜிகாபிட்டும் வைத்தால், 1,40,000, 1,00,000, 84,000 ஆக மொத்தம் 3,24,000 ரூபாய். சென்னை லிங்க்கின் வாடகை தனி. பழையவர் தம் விலையை 70-இலிருந்து 63 ரூபாய்க்கு இறக்கினாலே, லிங்க் வாடகை நீங்கலாக, இன்றைய 3,10,000-க்கு வந்துவிடும். கையில் இன்னொரு நிறுவனத்தின் விலைப்பட்டியலும் சொந்த ஏஎஸ் எண்ணும் வைத்துக்கொண்டு கேட்டால் அவர் இறங்குவார் என்றே நினைக்கிறேன். புதியவர் 5 ஜிகாபிட்டுக்குக் குறையமாட்டேன் என்று நின்றால் அவரை விட்டுவிடுங்கள். 2 ஜிகாபிட்டை 48 ரூபாய்க்குத் தருபவர் உங்களுக்கு அவரைவிட மலிவானவர்.

பழையவரின் ஒப்பந்தம் நான்கு மாதத்தில் தானாகவே புதுப்பிக்கப்படும் என்றும், அதற்கு 90 நாள் முன்பு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றும் நீங்கள் அனுப்பிய நகலின் பதினோராம் பிரிவில் இருக்கிறது. அந்தக் கணக்கில் உங்களுக்கு இருப்பது ஏறத்தாழ ஒரு மாதம். அதற்குள், இதே நிபந்தனைகளில் தானாகப் புதுப்பிக்க வேண்டாம், விலையும் அளவும் பேசிய பிறகே புதுப்பிப்போம் என்று பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள். ஸ்டேடிக் ஐபி வைத்திருக்கும் அறுபது கடைக்காரர்களுக்கும் இந்த வாரமே, முகவரி மாறப்போகிறது, மாறும் நாளை இரண்டு வாரம் முன்பே சொல்வோம் என்று ஒரு கடிதம் கொடுத்து, யார் யார் கேமராவில் முகவரியை எங்கே பதிந்திருக்கிறார்கள் என்ற பட்டியலை உங்கள் பணியாளரை எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் தயாரானதும் சோதனை இணைப்பின் முதல் வாரக் கிராஃபோடு சேர்த்து எனக்கு அனுப்பினால், எந்த இரவில் மாற்றுவது என்பதைப் பேசி முடிவு செய்யலாம்.